கேஸ் குறையவில்லை

அட்லாண்டாவில் எங்கள் வீட்டு ஹீட் பம்புக்கு (குளிரில் சூடும் வெயிலில் குளிர்ச்சியும் தரும் ஏசி மாதிரி) 16 வயது. குளிர்காலத்தில் நன்றாகச் சூடு தந்தது; கோடை வந்ததும் வீடு குளிரவே இல்லை. முதலில் வந்த மெக்கானிக் கேஸ் (குழாய்க்குள் சுற்றும் குளிரூட்டி) கம்மி என்று நிரப்பிவிட்டுப் போனார். நானும் தலையாட்டினேன். மறுவாரம் பழைய கதைதான்.

இரண்டாமவர் குழாய்களில் வெப்பமானியைக் கவ்வவிட்டுப் பார்த்தார். ஃபாரன்ஹீட்டில் சூப்பர்ஹீட் (ஆவியான கேஸ் அதன் கொதிநிலைக்கு மேல் எத்தனை டிகிரி சூடு) 35, சப்கூலிங் (திரவமான கேஸ் அது திரவமாகும் வெப்பநிலைக்குக் கீழே எத்தனை டிகிரி) 24; இரண்டுமே அதிகம். கேஸ் குறைந்திருந்தால் சப்கூலிங் இறங்கியிருக்குமாம். இங்கே திரவம் வெளி யூனிட்டில் தேங்குகிறது, வழியில் அடைப்பு! சூடாக்கும்போது ஓட்டம் திசைமாறி, வீட்டுக்குள் இருக்கிற யூனிட்டின் விரிவு வால்வை (திரவத்தின் அழுத்தத்தைக் குறைத்துக் குளிர வைப்பது) தொடாமல் சுற்றிப் போய்விடுகிறது. அதனால்தான் பனிக்காலத்தில் தப்பித்தோம்.

மூடியைக் கழற்றினால், வால்வுக்கு அப்புறம் விரல் நீளத்துக்கு மட்டும் வெள்ளையாக உறைபனி; அடைப்பு அந்த வால்வில்தான். புது வால்வு வியாழக்கிழமை வருகிறது. அதுவரை டேபிள் ஃபேன்தான்.