காற்றின் ஊர்

இரண்டு வாரமாக இரவில் கேட்பது ஹாப்பி எண்ட் என்ற ஜப்பானிய ராக் குழுவின் 'காசேமாச்சி ரோமன்' மட்டும்தான். 1971 நவம்பரில் வந்த ஆல்பம். ராக் என்றால் ஆங்கிலத்தில்தான் பாட வேண்டும் என்று ஜப்பானில் பலர் வாதிட்ட காலம் அது. இவர்களோ தாய்மொழியிலேயே பாடினார்கள். பெரும்பாலான வரிகளை எழுதியவர் டிரம்ஸ் வாசித்த தகாஷி மட்சுமோட்டோ. 1964 ஒலிம்பிக்ஸுக்காக இடித்துக் கட்டப்பட்ட டோக்கியோவில் தொலைந்துபோன தன் பால்யத்துத் தெருக்களைத்தான் 'காசேமாச்சி', அதாவது 'காற்றின் ஊர்' ஆக்கினார். உறையை விரித்தால் உள்ளே ஒரு டிராம் வண்டி ஓவியம்.

இதில் உள்ள 'காசே ஓ அட்சுமேத்தே' பாட்டில், குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் ஹோசோனோ குரலை உயர்த்துவதே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து முணுமுணுப்பதுபோல் இருக்கும். எனக்கு அதுதான் உயிர். அப்புறம், 2007இல் ஜப்பானிய ரோலிங் ஸ்டோன் இதழ் சிறந்த ஜப்பானிய ராக் ஆல்பங்களில் இதற்கே முதலிடம் கொடுத்தது.