குஸ்ட்லோஃப் 1:350: டேவிட்டில் பனி ஒருவழியாகப் படிந்தது

இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய ஜெர்மன் கப்பல் வில்ஹெல்ம் குஸ்ட்லோஃபின் 1:350 அளவு மாதிரி செய்கிறேன். அதன் படகுத் தளத்து டேவிட்டுகளில், அதாவது உயிர்காப்புப் படகுகளைத் தொங்கவிட்டு இறக்கும் கரங்களில், பனி சரியாக வந்துவிட்டது. 208.5 மீட்டர் கப்பல், இந்த அளவில் ஏறத்தாழ 59.6 செ.மீ. உடல், புகைபோக்கி எல்லாம் வழக்கமான வேலைதான். வண்ணத்தில் மட்டும் கவனம்: வெள்ளையும் பச்சைப் பட்டையும் மருத்துவக் கப்பலாக இருந்த காலத்தவை. 1945 ஜனவரி 30 அன்று கோட்டன்ஹாஃபனிலிருந்து (இன்றைய போலந்தின் கிடினியா துறைமுகம்) அகதிகளோடு கிளம்பியபோது சாம்பல் நிறம், தளத்தில் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள்.

பனிக்கு இவ்வளவு மெனக்கெடக் காரணம் உண்டு. சோவியத் எஸ்-13 நீர்மூழ்கியின் மூன்று டார்பிடோக்கள் பாய்ந்தபோது பல படகுகள் டேவிட்டோடு உறைந்து கிடந்தன. படகு இறக்கப் பழகிய மாலுமிகள் பலர் முன்பகுதியில், மூடிய நீர்த்தடுப்புக் கதவுகளுக்குப் பின்னால் சிக்கிக்கொண்டார்கள். இறந்தவர்கள் 9,000-க்கு மேல் என்பது பரவலான கணிப்பு, ஆயிரக்கணக்கில் குழந்தைகள். பளபளவென்று சுத்தமான டேவிட் வைத்தால் அந்த இரவுக்குப் பொய் சொன்னதாகிவிடும்.

டேவிட் கரத்துக்கு 22 கேஜ் செம்புக் கம்பி, கயிறுகளுக்கு 42 கேஜ். தர்மபுரி, கிருஷ்ணகிரியில் தெருவுக்குத் தெரு மோட்டார் ரீவைண்டிங் கடை இருக்கிறது, எடைக்குத் தருவார்கள். சப்மெர்சிபிள் மோட்டார் கம்பி வேண்டாம், அது பாலி (பிளாஸ்டிக்) உறை சுற்றியது. ஃபேன், மிக்ஸி காயில் கம்பி என்று கேளுங்கள். ஒரு முனையை வைஸில் கடித்து இழுத்தால் நேராகும். வளைத்தபின் எனாமலைச் சுரண்டி, உடனே பிரைமர். பிரைமர் இல்லாத செம்பின் மேல் பனிக்குப் போடும் சமையல் சோடா பட்டால் சில வாரத்தில் பச்சை பிடிக்கும்.

இனிதான் பனி. ஃபெவிக்விக்கும் சமையல் சோடாவும் எல்லாருக்கும் தெரிந்த வழி. ஆனால் சோடாவின் 0.1 மி.மீ மணி 1:350-இல் 3.5 செ.மீ கட்டி, பொரி ஒட்டியதுபோல் தெரியும். வேட்டித் துணியை இரண்டாக மடித்துச் சலித்து, மூன்று பங்கு டால்கம் பவுடருக்கு ஒரு பங்கு சோடா கலந்தால் பொடி மென்மையாகும், பசையும் கொஞ்சம் நிதானமாக இறுகும். பசையைப் புட்டியிலிருந்து நேராக விடவே கூடாது. கம்பி வழியே ஓடித் தளத்தில் தேங்கும். ஊசி முனையில் எடுத்துக் கப்பியருகே ஒரு தொடுதல், உடனே பொடி, ஊதிவிடு. கப்பியிலும் படகு விளிம்பிலும் தடிப்பாக, கரத்தின் முதுகில் மெல்லியதாக. முன்பக்க டேவிட்டுகளில் கூடுதலாக, பின்னால் போகப் போகக் குறைவாக. அலைத்தூறல் அப்படித்தான் உறையும்.

இதோடு விட்டால் சுண்ணாம்பு அடித்ததுபோல் மங்கிக் கிடக்கும். நீர் கலந்த ஃபெவிகால் இரண்டு பூச்சு, காய்ந்ததும் பளபளக்கும் (gloss) வார்னிஷ். அப்போதுதான் ஈரப் பளபளப்பு. எபாக்சி வேண்டாம், நம் ஊர் ஏப்ரல் வெயிலில் மஞ்சளாகும். பனித்தொங்கல்களுக்குத் தெளிவான பிளாஸ்டிக்கைச் சூடாக்கி இழுத்த இழை போதும், 3 மி.மீ-க்கு மேல் வேண்டாம்.

கண்ணாடி அடைத்த உலாத்தளத்துக்கு ஓஎச்பி ஷீட், அதாவது தெளிவான பிளாஸ்டிக் தாள். உள்ளே பலர் சிக்கிய இடம் அது. ஜன்னல்கள் தெளிவாகத் தெரிய வேண்டும். ஃபெவிக்விக் ஆவி பட்டால் புகை படியும், ஆகவே ஃபெவிகால்தான். ஜன்னல் சட்டங்களை ஓசூர் சிப்காட் பக்கம் லேசர் வெட்டக் கொடுக்கலாம், 0.5 மி.மீ-க்குக் குறைந்த பட்டை வெப்பத்தில் முறுக்கிக்கொள்கிறது.

ஷீட் ஒட்டும் வேலை பாதியில் நிற்கிறது. அதற்குள் அடுத்த கப்பலுக்கு வரைபடம் தேடல் தொடங்கியாயிற்று: திலாவா. பம்பாயிலிருந்து ஆப்பிரிக்கா போன கப்பல், 1942 நவம்பர் 23, ஜப்பானிய ஐ-29 நீர்மூழ்கி மூழ்கடித்தது, 280 உயிர்கள் போயின. அதற்குப் பனி வேண்டாம், கயிறு ஏராளம் வேண்டும். 42 கேஜ் இன்னொரு 50 கிராம்.