அம்மம்மாவின் விரலும் பிஸ்கட் ரின்னும்

7 ஜூன் 2025, சனி

காலையில் லெப்டொப்பைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனேன். திரும்பி வந்தால் அம்மம்மா அதன் மூடியைத் தடவிக்கொண்டிருக்கிறார். "பிள்ளை, இதென்ன, றப்பர் மாதிரி இருக்கு, உள்ளுக்கு நடுங்குது?" குளுக்கோமாவால் பார்வை போய் நாலு வருசமாகிறது, கையில் படுகிற எதையும் விசாரிக்காமல் விடமாட்டார். பிளக்கைக் கழற்றினேன். "இப்ப வழுவழுவெண்டு இருக்கு." மறுபடி போட்டேன், உடனே சொல்லிவிட்டார். சொல்லாமல் கொள்ளாமல் ஐந்து தடவை மாற்றிப் பார்த்தேன், ஐந்தும் சரி.

என்னுடையது ரெண்டு பின் சார்ஜர், ஏர்த் இல்லை, அதனால் உலோக மூடியில் கொஞ்சம் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். இத்தனை வருசம் அதன் மேல் கை வைத்து வேலை செய்கிறேன், எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

8 ஜூன், ஞாயிறு

வெள்ளவத்தையில் நேற்றிரவு முழுக்க மழை, நித்திரை வராமல் இதைப் பற்றியே வாசித்தேன். மலின்க்ரொட் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளருக்கும் இதே அனுபவம்தான். லைற் எரியும்போது பித்தளை ஹோல்டர் விரலுக்கு ஒரு மாதிரியும், அணைத்தால் வேறு மாதிரியும் இருந்திருக்கிறது. அதை ஆராய்ந்து இன்னும் இருவரோடு சேர்ந்து 1953இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்.

விசயம் இதுதான். விரலின் மேல்தோல் காய்ந்தது, மின்சாரத்தை லேசில் விடாது, உள்ளே இருக்கிற சதை விடும். அடியில் மின்னழுத்தம் உள்ள உலோகம், இடையில் மெல்லிய காப்புப் பூச்சு, மேலே விரல் என்று வந்தால் விரலும் உலோகமும் ஒன்றையொன்று இழுக்கும். நம் வீட்டுக் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், ஒவ்வொரு சுற்றிலும் இழுவை இரண்டு முறை உச்சத்துக்குப் போகும், ஆக செக்கனுக்கு 100 தடவை. விரலைச் சும்மா வைத்திருந்தால் ஒன்றும் தெரியாது. தடவும்போதுதான் உராய்வு கூடிக் குறைந்து சொரசொரப்பாகப் படும். ஈரக்கை என்றால் அதுவும் இல்லை. கொழும்பு வியர்வைக்கு இது பெரிய தலையிடிதான்!

10 ஜூன், செவ்வாய், பொசன் போயா

லீவு நாள். சமையலறையில் அம்மம்மாவோடு இருந்தேன். உப்பு, சீனி, மிளகாய்த்தூள் எல்லாம் ஒரே மாதிரிப் பழைய பிஸ்கட் ரின்களில் இருக்கின்றன. எதில் எது என்று அறிய ஒவ்வொரு மூடியாகத் திறந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிறார். போன கிழமை மிளகாய்த்தூள் கையோடு கண்ணைக் கசக்கிவிட்டார், நான் பதறிப்போனேன்.

இதே இழுவையை வைத்து, தடவினால் சொரசொரக்கிற தொடுதிரை ஒன்றை டிஸ்னி ஆராய்ச்சிக்காரர்கள் 2010இல் டெஸ்லாடச் என்று செய்தார்கள், அதில் மின் சிக்னல் திரைக்குப் போகும். 2012இல் அவர்களில் ஒலிவியே பாவும் இவான் புபிரெவும் ரெவெல் என்று அதைத் தலைகீழாக்கினார்கள். சிக்னலை ஆளின் உடம்புக்குக் கொடுத்துவிட்டு, பொருளை ஏர்த்தோடு மட்டும் இணைத்தார்கள். கை எந்தப் பொருளில் இருக்கிறது என்று கமராவுக்குத் தெரிந்தால், அந்தப் பொருளுக்கான சொரசொரப்பை விரலுக்குக் கொடுக்கலாம். பொருளுக்குள் மோட்டர் ஒன்றும் வேண்டாம். உலோகமும் மேலே மெல்லிய பூச்சும் போதும், பெயின்ற் அடித்த பிஸ்கட் ரின் அதுதானே!

இதை நினைத்ததிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை.

11 ஜூன், புதன்

மொறட்டுவையில் இலத்திரனியல் படித்த சிநேகிதியோடு ஒரு மணித்தியாலம் போனில் கதைத்தேன். முதலில் திட்டுத்தான் விழுந்தது. வீட்டுக் கரண்டில் இருந்து எதையும் எடுக்கவே கூடாது, பற்றரியில் ஓடுகிற சுற்று வேண்டும், வோல்ற்றேஜ் எவ்வளவு இருந்தாலும் உடம்புக்குள் போகிற கரண்ட் மிக மிகக் குறைவாகக் கட்டுப்பட்டிருக்க வேண்டும். அதை அவளே செய்து தருகிறாள், முதலில் எங்கள் இரண்டு பேரில்தான் பரீட்சை, அம்மம்மாவில் அல்ல. சரி என்றேன்.

ரின்னை ஏர்த் பண்ணுவது எப்படி? ஒவ்வொன்றுக்கும் வயர் இழுத்தால் சமையலறை சிலந்தி வலைதான். அடிப்பெயின்றைச் சுரண்டி, ஏர்த் பண்ணிய ஒரு அலுமினியத் தட்டில் எல்லாவற்றையும் அடுக்கலாம் என்றாள். தட்டை விட்டுத் தூக்கினால் சொரசொரப்புப் போய்விடும், போகட்டும். தூக்குவதற்கு முன்னால் தெரிந்தால் போதும். இன்னொன்று, சிக்னல் முழு உடம்புக்கும் ஒன்றுதான், பத்து விரலும் ஒன்றையே உணரும். ஒரு கையால் ஒவ்வொன்றாகத் தடவ வேண்டும்.

14 ஜூன், சனி

றப்பர் பட்டி கட்டினால் என்ன, உப்புக்கு ஒன்று, சீனிக்கு இரண்டு என்று அம்மா கேட்டார். நியாயம்தான், இன்றைக்கே கட்டிவிட்டேன். ஆனால் ரின்னைக் கழுவி மாற்றிப் போட்டால் பட்டியையும் மாற்ற வேண்டும், யாராவது மறந்தால் திரும்பவும் கண்ணில் மிளகாய். நான் செய்யப் பார்ப்பதில் எந்த ரின்னில் எது என்பது போனில்தான் இருக்கும், அதில் ஒரு பெயரை மாற்றினால் போதும். அதனால் விடப்போவதில்லை.

பின்னேரம் அம்மம்மாவிடம் எதற்கு எந்த மாதிரி வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். மிளகாய்த்தூளுக்கு லெப்டொப் மூடி மாதிரி நல்லா நடுங்க வேண்டுமாம், "அப்பதான் பயம் வரும்." உப்புக்குக் கடற்கரை மண். சீனிக்கு அதைவிட நைசாக.

"தேயிலைக்கு அம்மம்மா?"

"அதுக்கு ஒண்டும் வேண்டாம் பிள்ளை. கிட்டப் போனா மணக்கும்தானே."