கேக் அலங்காரச் செய்முறைத் தேர்வு: இரண்டாவது முறையில் தேறிய அனுபவம்

கேக் அலங்காரமும் விருந்து மேஜை அலங்காரமும் சேர்ந்த ஆறு மாதச் சான்றிதழ் படிப்பைக் கோவையில் வீட்டிலிருந்தபடியே படித்தேன். மாதம் இரண்டு நாள் வகுப்பு. தேர்வு மட்டும் சென்னையில். நவம்பரில் முதல் முறை போனபோது தேறவில்லை. அடுத்த மே மாதம் மறுபடி போய்த் தேறினேன். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் கற்றுக்கொண்டதை, இதே மாதிரித் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்காக எழுதுகிறேன். வீட்டிலிருந்து ஆர்டர் எடுத்துச் செய்கிறவர்களுக்கும் இதில் பாதி உதவும்.

எங்கள் தேர்வு இப்படித்தான் இருந்தது. முதல் நாள் இரண்டு மணி நேரம் எழுத்துத் தேர்வு, மறுநாள் ஆறு மணி நேரம் செய்முறை. தலைப்பு ஒரு மாதம் முன்பே வந்துவிடும்: ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள், நாற்பது விருந்தினர், ஏதாவது ஓர் உருவத்தில் கேக், ஆறடி மேஜைக்கு அலங்காரம். சுட்ட கேக்கையும், முன்பே செய்து காயவைத்த சர்க்கரைப் பொம்மைகளையும் கொண்டுபோகலாம். செதுக்குவது, பூசுவது, ஃபாண்டன்ட் (மாவு போலப் பிசைந்து தகடாகத் தேய்க்கும் சர்க்கரைக் கலவை) மூடுவது, அடுக்குவது எல்லாம் தேர்வு அறையிலேயே நடக்க வேண்டும்.

முதல் முறை நான் எடுத்தது காட்டு விலங்குகள். சிங்கம், யானை, ஏழு அங்குல உயரத்தில் ஓர் ஒட்டகச்சிவிங்கி. கால் கிலோ ஃபாண்டன்ட்டுக்கு இறுகவைக்கும் டைலோஸ் பவுடர் ஒரு டீஸ்பூன் சேர்த்துப் பிசைந்து செய்தேன். கோவைக் காற்றில் மூன்றே நாளில் சுண்ணாம்புக்கட்டி போல இறுகிவிட்டன. பிளாஸ்டிக் டப்பாவில் பஞ்சு வைத்து இரவு ரயிலில் கொண்டுபோனேன். சென்னையில் நல்ல மழை. தங்கிய அறையில் ஏசி இல்லை. ஒன்றும் உடையவில்லையே என்று பார்க்க டப்பாவைத் திறந்தேன், பார்த்துவிட்டு மூடாமலே படுத்தேன். காலையில் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, யானையின் தும்பிக்கை கையில் ஒட்டியது.

சர்க்கரை காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். பாடப்புத்தகத்தில் இதைப் படித்திருந்தேன், ஆனால் நான் பழகியதெல்லாம் கோவையில். அங்கே ஒரு தடவைகூட ஃபாண்டன்ட் எனக்கு வியர்த்ததில்லை. தேர்வு அறையில் இரண்டாவது தவறும் செய்தேன். மூடி முடித்த கேக் கெட்டியாகட்டும் என்று அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தேன். குளிர்ந்த கேக் வெளியே வந்ததும், குளிர்ந்த சொம்பில் நீர் கோப்பது போல மேலெல்லாம் துளி துளியாக நீர் கோத்தது. துடைக்கப் போனேன், பச்சை நிறம் வெள்ளைக்குள் வழிந்தது. தேர்வாளர் வந்து நெடுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் செஞ்சிருப்பீங்கன்னு தெரியுதும்மா. ஆனா மேஜை மேல இருக்குறதுக்குத்தான் நான் மார்க் போட முடியும்" என்றார். அந்தச் சொல்லை இரண்டாம் முறைக்கான தயாரிப்பு முழுவதும் நான் மறக்கவில்லை.

அதனால் முதல் அறிவுரை: தேர்வு நடக்கும் ஊரின் காற்றை வைத்துப் பழகுங்கள். ஊட்டியில் பழகிவிட்டுக் கடற்கரை ஊரில் தேர்வு எழுதப் போகிறவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். காய்ந்த பொம்மைகளை இறுக்கமான மூடி உள்ள எவர்சில்வர் சம்படத்தில் வையுங்கள். புது மருந்துப் பாட்டிலிலும் கைப்பையிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் பிரிக்காமல், பொம்மையைத் தொடாதபடி டிஷ்யூவில் சுற்றி ஓரத்தில் போடலாம். பயண நேரத்தில் திறக்கவே கூடாது. ஃபாண்டன்ட் மூடிய கேக்கை ஃபிரிட்ஜில் வைத்தே ஆக வேண்டும் என்றால் அட்டைப்பெட்டியில் போட்டு, பெட்டிக்கு வெளியே பிளாஸ்டிக் தாள் சுற்றி வையுங்கள். எடுத்த பிறகு பெட்டியைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். நீர் பெட்டிமேல் கோக்கும், கேக் தப்பிக்கும். அப்படியும் வியர்த்துவிட்டால் தொடாமல் மின்விசிறிக் காற்றில் விடுங்கள், தானே காயும். தொட்டால்தான் கறை.

இரண்டாம் முறைக்கு உருவத்தையே மாற்றினேன். மெல்லிய காலும் நீண்ட கழுத்தும் உள்ள எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்தபோது, எங்கள் அத்தை வீட்டு ஷோகேஸில் இருந்த தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை கண்ணில் பட்டது. அகலமான பாவாடை, அதன்மேல் சின்ன உடல், அதற்கும் மேல் தலை. எடையெல்லாம் கீழே. கேக்காகச் செய்வதற்கென்றே யாரோ வடிவமைத்தது போல இருந்தது. பாவாடைதான் கேக், இடுப்புக்கு மேலே உள்ளது கேக் இல்லை. உருவக் கேக் தேர்ந்தெடுக்கும்போது அழகை விட இதை முதலில் பாருங்கள்: எடை எங்கே இறங்குகிறது, எந்த இடம் காற்றில் தொங்குகிறது. தொங்கும் இடம் ஒவ்வொன்றும் ஒரு மணி நேர வேலையையும் ஒரு பயத்தையும் கூட்டும்.

செதுக்குவதற்குப் பஞ்சு போன்ற கேக் ஆகாது. மைதா, வெண்ணெய், சர்க்கரை, முட்டை நான்கும் சம எடையில் போட்ட வெண்ணெய்க் கேக்தான் கத்திக்கு நிற்கும். முதல் நாளே சுட்டு, சுற்றி, ஃபிரிட்ஜில் ஒரு இரவு குளிரவைத்தால் துகள் உதிராமல் வெட்ட வரும். காகிதத்தில் உருவத்தை அசல் அளவில் வரைந்து வெட்டி, அதைக் கேக்கோடு ஒட்டிப் பிடித்து, ரொட்டி வெட்டும் கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுங்கள். ஒரே வெட்டில் வடிவம் கொண்டுவரப் பார்த்தால் குழி விழும். அப்புறம் அதை அடைக்க அரை மணி நேரம் போகும்.

பூச்சுக்கு நம் வெயிலில் வெண்ணெய் ஐசிங்கை நம்ப முடியாது. வெண்ணெய் முப்பது டிகிரி தாண்டியதுமே குழைந்துவிடும். கோகோ வெண்ணெயும் ஏறத்தாழ 34 டிகிரியில் உருகும். மே மாதச் சென்னையில் அடுப்புகள் எரியும் அறையில் அந்த வெப்பம் சாதாரணம். அதனால் கனாஷில் (சாக்லேட்டும் கிரீமும் கலந்த பூச்சு) கிரீமைக் குறைக்க வேண்டும். டார்க் சாக்லேட் என்றால் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு கிரீம், வெள்ளைச் சாக்லேட் என்றால் மூன்று பங்குக்கு ஒரு பங்கு. கடும் வெயில் காலத்தில் வெள்ளைக்கு மூன்றரை வரை போனேன். முதலில் துகள்களை ஒட்டவைக்க மெல்லிய பூச்சு, அது இறுகியபின் தடிமனான பூச்சு. மேற்பரப்பில் விரல் நகம் பதியாத அளவுக்கு இறுகிய பிறகுதான் ஃபாண்டன்ட். ஃபாண்டன்ட்டைத் தேய்க்கும்போது அடியில் ஐசிங் சர்க்கரை தூவுவதை விடச் சோள மாவு தூவுவது ஈரக் காற்றுக்கு நல்லது. வெள்ளைத் தடம் தெரிந்தால் கடைசியில் மெல்லிய தூரிகையால் தட்டிவிடலாம்.

பாவாடைக்கு எட்டு அங்குலமும் ஆறு அங்குலமும் இரண்டு அடுக்கு. மேலடுக்குக்குக் கீழே தனியாக ஓர் அட்டை, அந்த அட்டையைத் தாங்கக் கீழடுக்குக்குள் தடித்த ஸ்ட்ரா ஐந்து. ஒரு ஸ்ட்ராவைக் குத்தி, உயரம் குறித்து, மற்ற நான்கையும் அதே அளவில் வெட்ட வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்தால் அடுக்கு சாய்ந்துவிடும். வகுப்பில் நாங்கள் பாதிப் பேர் இதைத்தான் தவறாகச் செய்தோம். நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு மரக்குச்சி.

உடலுக்கும் தலைக்கும் ஆங்கிலப் புத்தகங்களில் மார்ஷ்மெல்லோ உருக்கி, அரிசிப் பொரி கலந்து செய்யச் சொல்வார்கள். மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும், அது விலங்கிலிருந்து வருவது. சைவ வீட்டு விசேஷத்துக்கு அதைக் கொடுக்க எனக்கு மனம் வராது. நம் கடைப் பொரியை லேசாக வறுத்து, உருக்கிய வெள்ளைக் காம்பவுண்ட் சாக்லேட்டில் (கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு கொழுப்பு சேர்த்தது) கலந்து அழுத்திப் பிடித்தேன். லேசாகவும் இருந்தது, கத்தியால் சீவவும் வந்தது. கடையில் வாங்கும் ஃபாண்டன்ட்டிலும் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். இதை நான் தேர்வுத் தாளிலேயே எழுதி வைத்தேன், தேர்வாளர் அதைப் பற்றித் தனியாகக் கேட்டார்.

தலை ஆட வேண்டும் என்று ஆசை. கழுத்துக்குள் ஸ்ட்ரா வைத்து, அதற்குள் குச்சி நுனியில் தலையைத் தொங்கவிட்டேன். வீட்டில் ஐந்து முறை செய்து பார்த்து, நான்காவது முறைதான் ஆடியது. கேக்குக்குள் போகும் கம்பி, குச்சி எதையும் நேரடியாகக் குத்தாதீர்கள், ஸ்ட்ராவுக்குள் விட்டுக் குத்துங்கள். எத்தனை குச்சி, எங்கே இருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதிக் கேக்கோடு கொடுங்கள். ஒரு வயதுக் குழந்தை கைவைக்கிற கேக் அது.

நிறம் பற்றி இரண்டு விஷயம். ஆழ்ந்த சிவப்பும் கறுப்பும் உடனே வராது. ஜெல் நிறத்தைப் பிசைந்து ஒரு நாள் மூடிவைத்தால் தானே ஆழமாகும். அவசரப்பட்டு மேலும் மேலும் ஊற்றினால் கசக்கும். அடுத்தது பாதுகாப்பு. இந்தியாவில் உணவில் சேர்க்க அனுமதி பெற்ற செயற்கை நிறங்கள் எட்டே எட்டு. எழுத்துத் தேர்வில் இது வந்தது. 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாயைத் தடை செய்தார்களே, அதற்குக் காரணமான ரோடமின்-பி துணிக்கும் தாளுக்கும் போடும் சாயம். மினுமினுப்புத் தூள் வாங்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். "விஷமற்றது" என்று போட்டிருந்தால் உண்ணத் தகுந்தது என்று பொருள் இல்லை. உண்ணலாம் என்று எழுதியிருக்க வேண்டும், சேர்மானங்களின் பட்டியலும் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத தூளை நான் கேக்குக்குக் கீழே உள்ள போர்டில்கூடப் போடுவதில்லை.

பூவும் அப்படித்தான். அரளி பார்க்க அழகு, மலிவு, வாடவும் நேரமாகும். ஆனால் செடி முழுக்க நஞ்சு. 2024-இல் கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டே நைவேத்தியத்தில் அரளி வேண்டாம் என்றது. கேக் மேலோ பக்கத்திலோ அதற்கு இடமே கிடையாது.

மேஜை அலங்காரத்தில் முதல் முறை எல்லாரையும் போல பலூன் வளைவு கட்டினேன். இரண்டாம் முறை குருத்தோலை. கோவையில் கல்யாணங்களுக்குத் தோரணம் கட்டும் ஒரு பெரியவரிடம் மூன்று நாள் காலையில் போய் உட்கார்ந்தேன். கிளி, பந்து, சங்கிலிப் பின்னல் மூன்றும் சொல்லிக் கொடுத்தார். "ஓலைய ஈரத்துணியில சுத்தி வெச்சுக்க கண்ணு, ரெண்டு நாளைக்கு ஒண்ணும் ஆகாது" என்றார், ஆகவில்லை. தஞ்சாவூர்ப் பொம்மைக்குப் பின்னால் வெளிர் மஞ்சள் குருத்தோலைக் கிளிகள் தொங்கியபோது கேக்கும் மேஜையும் ஒரே வீட்டு விசேஷம் போல இருந்தது. அலங்காரத்துக்கு என்று தனியாக ஒரு கதை, கேக்குக்கு வேறொரு கதை என்று வைத்தால் மதிப்பெண் குறையும்.

பலூன் கட்டுகிறவர்கள் எல்லாப் பலூனும் ஒரே அளவில் வர, அட்டையில் வட்டம் வெட்டி அதற்குள் நுழைத்துப் பாருங்கள். நான்கு நான்காக முடிந்து கோத்தால் வளைவு சீராக வரும். வெயிலில் கட்டினால் பளபளப்பு போய் மங்கிவிடும். பறக்கும் பலூன் கேட்டால் உள்ளே என்ன வாயு என்று கேட்டே ஆக வேண்டும். ஹைட்ரஜன் மலிவு என்று நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள், மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் அது தீப்பந்து. பிறந்தநாளில் பீய்ச்சும் ஸ்நோ ஸ்பிரேயிலும் எரியும் வாயுதான் இருக்கிறது. எரியும் மெழுகுவர்த்திக்கு முன்னால் குழந்தை முகத்தருகே அதை அடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும். நான் ஆர்டர் எடுக்கும் வீடுகளில் அதை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

எழுத்துத் தேர்வில் பலரும் இடறுவது அளவு மாற்றத்தில். எட்டு அங்குல வட்டக் கேக்குக்கான அளவைப் பத்து அங்குலத்துக்கு மாற்றச் சொன்னால் 10-ஐ 8-ஆல் வகுத்து 1.25 மடங்கு என்று எழுதிவிடுவார்கள். பரப்பை எடுக்க வேண்டும்: 100-ஐ 64-ஆல் வகுத்தால் 1.56. ஆறிலிருந்து எட்டுக்குப் போனால் 1.78. விலைக் கணக்கில் பொருள் செலவோடு போர்டு, பெட்டி, கேஸ், மின்சாரம், உங்கள் மணி நேரக் கூலி எல்லாம் வர வேண்டும். என் பொம்மைக் கேக்குக்குக் கைவேலை மட்டும் பதினான்கு மணி நேரம். அதை எழுதிப் பார்த்த பிறகுதான், நான் அதுவரை அக்கம்பக்கத்துக்குச் செய்துகொடுத்த விலை எவ்வளவு குறைவு என்று புரிந்தது.

நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். தேர்வு சனிக்கிழமை என்றால் முகமும் கைகளும் அதற்கு முந்தைய சனிக்கிழமையே செய்தாக வேண்டும், சிவப்பு புதன்கிழமை பிசைய வேண்டும், கேக் வியாழக்கிழமை சுட வேண்டும். அறைக்குள் ஆறு மணி நேரத்தில் செதுக்கவும் பூசவும் இரண்டு, இறுகக் காத்திருக்கும் நேரத்தில் மேஜைத் துணியும் தோரணமும், மூடவும் அடுக்கவும் இரண்டு என்று வைத்தேன். கடைசி நாற்பது நிமிடத்தைக் காலியாக விட்டிருந்தேன். அதில் இருபத்தைந்து நிமிடம் செலவாகிவிட்டது, பாவாடை ஓரத்தில் ஃபாண்டன்ட் கிழிந்ததால். அந்த இடத்தில் ஒரு ஜரிகைப் பட்டை ஒட்டினேன்.

தேர்வாளர் விரலால் தலையைத் தட்டினார், ஆடியது. சுவைக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. குறைந்தது போர்டு முடிப்பில்: விளிம்பைச் சுற்றிய ரிப்பனின் இணைப்பு முன்பக்கம் தெரிந்துவிட்டது, போர்டிலும் கனாஷ் விரல் தடம் இருந்தது. அதற்காக ஒரு சின்னத் துணியும், போர்டை மூட மெழுகுத்தாள் பட்டைகள் நான்கும் இப்போது என் பெட்டியில் எப்போதும் இருக்கின்றன. வேலை முடியும்வரை போர்டு ஓரத்தை அந்தத் தாளால் மூடி வைத்து, கடைசியில் உருவிவிடுங்கள்.