இரும்பு மேகத்தில் ஒரு ஓட்டை
நேற்று ராத்திரி வெகுநேரம் ஒரே ஒரு நிறமாலை வரைபடத்தையே (ஒளியைப் பிரிச்சு, எந்த அலைநீளத்தில் எவ்வளவு பிரகாசம்னு காட்டுற கோடு) பார்த்துக்கிட்டு இருந்தேன். கேலு-1. சிலி நாட்டு வானியலாளர் மரியா தெரசா ருயிஸ் 1997ல் அறிவித்த பழுப்புக் குறுமீன், அதாவது முழு நட்சத்திரம் ஆகிற அளவுக்கு எடை இல்லாத வான்பொருள். சிலியின் பழங்குடியான மாபூச்சே மக்களின் மொழியில் 'கேலு' என்றால் சிவப்பாம்.

கோடு பாட்டுக்கு ஏறிக்கிட்டே வருது. 0.99 மைக்ரான் அலைநீளம் பக்கம் வந்ததும், படியில் கால் தவறின மாதிரி பொசுக்குனு இறங்குது. அங்கே ஒளியை விழுங்கி அந்தப் பள்ளத்தை உண்டாக்குறதுதான் இரும்பு ஹைட்ரைடு. ஒரு இரும்பு அணு, ஒரு ஹைட்ரஜன் அணு, அவ்வளவுதான்!

இதைவிடச் சூடான சிவப்புக் குறுமீன்களில் டைட்டானியம் ஆக்சைடுதான் எல்லாத்தையும் மறைச்சுக்கிட்டு நிற்கும். குளிரக் குளிர அது தூசியாகிப் படிஞ்சிடும், ஹைட்ரைடுகள் பளிச்சுனு தெரியும். இன்னும் குளிர்ந்தா இரும்பே துளித்துளியாகி மேகமாகிடும். அப்போ அந்தப் பள்ளம் தூர்ந்து போகணும் இல்லையா?

முதலில் தூரத்தான் செய்யுது. ஆனா இன்னும் குளிர்ந்த டி வகைப் பழுப்புக் குறுமீன்களின் தொடக்கத்தில் மறுபடி ஆழமாகுது. மேகம் கிழிஞ்சு, இரும்பு ஹைட்ரைடு இன்னும் வாயுவாவே இருக்கிற அடியில் உள்ள சூடான அடுக்கு எட்டிப் பார்க்குதுன்னு 2002ல் வானியலாளர் பர்காசரின் குழு விளக்கம் சொன்னாங்க. இதைப் படிச்சதிலிருந்து எனக்கு வேற நினைப்பே இல்லை.

நமக்கு 6.5 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிற லூமன் 16 என்ற பழுப்புக் குறுமீன் ஜோடியில் ஒண்ணு, சில மணி நேரத்துக்குள்ளேயே மங்கிப் பிரகாசிக்குது. மேகம் நகர்றதுதான் காரணம்னு கருதுறாங்க.