புது மெஷினும் பத்தடித் தண்ணியும்

2025 ஜூன் 8, ஞாயிறு

துவைக்க ஒன்று, பிழிய ஒன்று என்று இரண்டு தொட்டி வைத்த பழைய ட்வின் டப் வாஷிங் மெஷின் இன்றைக்கு வீட்டை விட்டுப் போனது. துவைக்கிற பக்கம் கியர் பாக்ஸ் தேய்ந்து கரகரவென்று சத்தம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தது. அந்த மாடலுக்கு ஸ்பேர் வருவது நின்றுபோச்சு என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார். பைபாஸ் ரோட்டில் ஒரு கடையில் ஏழரைக் கிலோ டாப் லோடு, அதாவது மேலே மூடி திறந்து துணி போடுவது, முழு ஆட்டோமேட்டிக், எக்ஸ்சேஞ்ச் போகப் பதினெட்டாயிரத்துச் சொச்சம்.

விற்ற பையன் ஸ்பின்னைப் பற்றித்தான் அதிகம் பேசினான். நிமிஷத்துக்கு 700 சுற்றாம், துணி முக்கால்வாசி காய்ந்தே வெளியே வருமாம். மதுரை திருநகர் மொட்டை மாடியில் ஜூன் மாத வெயிலுக்கு முன்னால் இதெல்லாம் ஒரு வசதியா? பிழியாமல் போட்டாலே பத்து மணிக்குப் போட்ட சேலையைப் பதினொன்றுக்கு மடிக்கலாம். எங்கள் வீட்டில் எந்தத் தண்ணீர், தொட்டி எங்கே இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இ.எம்.ஐ. வேண்டுமா என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டான்.

அத்தை மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். நாளைக்கு முதல் துவையல்.

ஜூன் 9, திங்கள்

காலையில் ஸ்கூல் யூனிஃபார்ம், துண்டு, இவருடைய சட்டைகள் எல்லாம் போட்டுப் பட்டனை அழுத்தினேன். மூடி கண்ணாடி என்பதால் உள்ளே நடப்பது தெரிகிறது. அத்தை ஸ்டூலைப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

முதலில் தண்ணீரே இல்லாமல் அடித்தட்டு இப்படியும் அப்படியும் நாலு திருப்பு திருப்புகிறது. துணி எவ்வளவு இருக்கிறது என்று மோட்டார் அப்படித்தான் கணக்குப் பார்க்குமாம். அப்புறம் தண்ணீர். தண்ணீர் என்று சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன், நூல் மாதிரி ஒரு ஓட்டம். திரையில் 58 நிமிஷம் என்று போட்டிருந்தது, முடிய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது. அதிலும் துணி முழுக்க மூழ்கவே இல்லை, மேலே கிடந்த துண்டு கடைசிவரை மேலேயே கிடந்தது.

"என்னத்தா இது, தண்ணியக் கண்ணுலயே காட்ட மாட்டேங்குது?" என்று அத்தை ஒரு வாளித் தண்ணீரோடு வந்து மூடியைத் திறந்தார். உடனே மெஷின் நின்றுபோய் பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. "நான் ஊத்துனா இதுக்குப் பொறுக்கல" என்று வாளியை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மாடியில் உதறிக் கொடியில் போடும்போதுதான் முழு லட்சணமும் தெரிந்தது. பெரியவனுடைய கருநீலப் பேண்டில் பைத்துணியை வெளியே இழுத்தேன். மடிப்புக்குள் சோப்புப் பவுடர் கரையாமல் கட்டியாக இருந்தது, நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது. முழங்காலில் துண்டுப் பஞ்சு ஒட்டியிருந்தது. இவருடைய சட்டைக் காலரில் அழுக்குக் கோடு போட்டபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

ஜூன் 12, வியாழன்

டெமோ காட்ட ஆள் வந்தார். எந்தப் பட்டன் எதற்கு என்று ஐந்து நிமிஷம் சொன்னார். மீதி நேரம் ஸ்டாண்டு, கவர், உப்புப் பொருக்கைக் கரைக்கிற டீஸ்கேல் பவுடர், குழாயில் மாட்டும் ஃபில்டர் என்று வியாபாரம். அழுக்கு போகவில்லையே என்றால், "புது மெஷின் மேடம், போகப் போகச் சரியாயிடும்" என்கிறார். செருப்பு வேண்டுமானால் போகப் போகச் சரியாகும்.

இன்று மதியம் திரையில் ஏதோ இரண்டு எழுத்து மின்னி அப்படியே நின்றுவிட்டது. புத்தகத்தைப் புரட்டினால், குறித்த நேரத்துக்குள் தண்ணீர் நிறையவில்லை என்று அதற்கு அர்த்தம். ஆனால் நேற்றுக் காலையில் இதே மெஷினில் ஜம்மென்று நிறைந்ததே! அதுதான் புரியவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

புரிந்துவிட்டது. கண்டுபிடித்தவன் பெரியவன்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் குறைந்தபட்சத் தண்ணீர் அழுத்தம் 0.03 மெகாபாஸ்கல் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. "அம்மா, எச் ரோ ஜி" என்றான். பிளஸ் ஒன் இயற்பியல். 30,000 பாஸ்கலை, தண்ணீரின் அடர்த்தி ஆயிரத்தாலும் 9.8 ஆலும் வகுத்தால் மூன்று மீட்டர் சொச்சம், அதாவது பத்தடி. மெஷினின் பின்பக்கம் தண்ணீர் நுழையும் இடத்துக்கு மேலே பத்தடி உயரத்துக்காவது தண்ணீர் நின்றால்தான் வால்வு ஒழுங்காகத் திறக்கும்.

நாங்கள் குடியிருப்பது மாடியில், கீழ் வீடு வாடகைக்கு விட்டிருக்கிறது. தொட்டி எங்கள் தலைக்கு மேலே மொட்டை மாடியில், ஒரு வரிசைச் செங்கல் மேல் உட்கார்ந்திருக்கிறது. பெரியவன் கைப்பிடிச் சுவரிலிருந்து இஞ்ச் டேப்பைத் தொங்கவிட, நான் பால்கனியில் மெஷின் பக்கத்தில் நின்று பிடித்தேன். காற்று டேப்பைப் பாம்பாக நெளித்தது. ஒருவழியாக அளந்ததில் தொட்டியின் அடிமட்டம் மெஷின் வாயிலிருந்து ஏழடிதான். தொட்டி நிறைந்திருந்தால் மேல்மட்டம் பதினோரு அடி. ஆக, காலையில் மோட்டார் போட்ட கையோடு துவைத்தால் மெஷின் ஓடும். குளித்து, பாத்திரம் கழுவி, தொட்டி பாதியாகிவிட்டால் இழுத்துப் பறிக்கும். நேற்று நல்லது, இன்று கெட்டது என்று நாங்கள் பார்த்ததெல்லாம் இதுதான்.

பழைய ட்வின் டப்புக்கு இந்தக் கதையே கிடையாது. குழாயைத் திறந்து ஓஸை உள்ளே விட்டால் எவ்வளவு மெதுவாக வந்தாலும் வந்து சேரும். அதற்குள் போய்க் குழம்பைத் தாளித்துவிட்டு வரலாம்.

ஜூன் 18, புதன்

கம்பெனியிலிருந்து டெக்னீஷியன். நல்ல பையன், மேலூர்ப் பக்கமாம். பின்னால் ஓஸைக் கழற்றி, மெஷின் வாயில் இருக்கும் சின்ன வலையைக் குறடால் இழுத்து உள்ளங்கையில் தட்டிக் காட்டினான். பொடி மணலும் வெள்ளைப் பொருக்கும். போர் தண்ணீர் செய்த வேலை. "மாசம் ஒரு தடவை இதைக் கழுவுங்கக்கா. பிரஷர் பத்தாததுக்கு பூஸ்டர் பம்ப் போட்டுக்கோங்க."

தண்ணீர் குறைவாக எடுப்பது பற்றிக் கேட்டேன். "அது டிசைனே அப்படித்தாங்க்கா. தண்ணிய மிச்சம் பண்ணத்தான்." மிச்சம் பண்ணட்டும். ஆனால் துணி நீந்தினால்தானே ஒன்றோடொன்று உரசி அழுக்கு விடும், பஞ்சும் மிதந்து போய் ஓரத்து வலைப்பையில் சேரும். நீந்த இடமில்லாவிட்டால் அடித்துணி தட்டில் தேய்கிறது, மேல்துணி வேடிக்கை பார்க்கிறது. இதை அவனிடம் சொன்னேன். தலையை ஆட்டினான். பாவம், அவன் என்ன செய்வான்?

போகும்போது, "உங்க போனுக்கு ஹேப்பி கோடு வந்திருக்கும், சொல்லுங்கக்கா" என்றான். குறை தீர்ந்தது, வாடிக்கையாளருக்குச் சந்தோஷம் என்பதற்கு நாலு இலக்கம். அதைச் சொன்னால்தான் அவன் கணக்கில் வேலை முடியும். தீராமல் எப்படித் தருவது என்று கேட்டால் முகம் வாடுகிறது. பம்ப் வாங்கச் சொல்வதற்குப் பெயர் ரிப்பேரா? கொடுக்கவில்லை. டீ கொடுத்து அனுப்பினேன்.

ஜூன் 20, வெள்ளி

கடைக்குப் போன் போட்டால் கம்பெனியைக் கேளுங்கள் என்கிறார்கள். கம்பெனி, மெஷினில் பழுதில்லை, மாற்றித் தர முடியாது என்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடலாம் என்று இவர் சொன்னார். கூப்பிட்டால் என்ன சொல்வது? மெஷின் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறபடிதான் நடந்துகொள்கிறது. ஒத்துப்போகாதது அந்தப் புத்தகமும் எங்கள் வீடும்தான். விட்டுவிட்டேன்.

ஹேப்பி கோடு கேட்டு அந்தப் பையன் மறுபடி கூப்பிட்டான்.

ஜூன் 24, செவ்வாய்

இன்று அத்தை ஒரு காரியம் செய்தார். நான் ஆபீஸ் கிளம்பியதும், தன் வழக்கப்படி துணியை வாளியில் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலரைக் கையால் கசக்கி, சொட்டச் சொட்ட மெஷினில் போட்டிருக்கிறார். சாயங்காலம் வந்து பார்த்தால் சட்டை பளிச்சென்று இருக்கிறது. "இன்னைக்குத் தண்ணிய விளிம்பு வரைக்கும் எடுத்துச்சு. நான் சொன்னதுக்கப்புறந்தேன் அதுக்குப் புத்தி வந்துருக்கு" என்றார்.

யோசித்தால் விஷயம் எளிது. ஈரத்துணி கனம். அடித்தட்டைத் திருப்ப மோட்டாருக்குச் சிரமம், அதனால் சுமை அதிகம் என்று நினைத்துத் தண்ணீரை நிறைய எடுத்துக்கொள்கிறது. காய்ந்த சிந்தெடிக் சேலை நாலு போட்டால் இடத்தை அடைக்கும், எடை இருக்காது, தண்ணீரும் வராது. நீர்மட்டத்துக்கு ஒரு பட்டனே இருக்கிறது என்று பெரியவன் அப்புறம் புத்தகத்தில் காட்டினான். தானாக எடுத்துக்கொள்ளும் முறையில் அது வேலை செய்யாது, வேறு முறைக்குப் போனால்தான் செய்யும். அத்தைக்குப் பட்டனெல்லாம் வேண்டாம், வாளியே போதுமாம்.

ஆனால் ஊறப்போட்டு, கசக்கி, தூக்கிப் போடுவதற்கு முழு ஆட்டோமேட்டிக் எதற்கு? அந்தக் கேள்வியை யாரும் சத்தமாகக் கேட்கவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

பிளம்பர் அண்ணன் வந்தார். பூஸ்டர் வேண்டாம், முதலில் தனி லைன் இழுத்துப் பார்ப்போம் என்றார். இப்போதைய அரை இஞ்ச் குழாய் குளியலறை, சமையலறை எல்லாம் சுற்றி, எல்போ மேல் எல்போவாக மெஷினுக்கு வருகிறது. வருகிற அழுத்தத்தில் பாதி வழியிலேயே செத்துவிடுமாம். தொட்டியிலிருந்து நேராக ஒரு இஞ்ச் பைப், ஒரே வளைவு. தொட்டியையே நாலடி உயர்த்திவிடலாமா என்று இவர் கேட்டதற்கு, "ஆயிரம் லிட்டர் தொட்டி சார். தண்ணி மட்டுமே ஒரு டன். தூண் மேல உட்கார வைக்காம சும்மா தளத்துல ஸ்டாண்டு போட்டா அப்புறம் என்னைத் திட்டக் கூடாது" என்றார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

தனி லைன் போட்டபின் தொட்டி முக்கால் இருந்தாலும் நிற்காமல் ஓடுகிறது. பாதிக்குக் கீழே போனால் பழைய குருடிதான்.

ஜூலை 6, ஞாயிறு

ஆர்.ஓ. சர்வீஸுக்கு வந்தவரிடம் போர் தண்ணீரையும் அந்தப் பேனா மீட்டரால் பார்க்கச் சொன்னேன். டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, லிட்டருக்கு 1,350 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் 500-க்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 2,000 வரை. இது மொத்த உப்புக் கணக்கு, கடினத்தன்மை தனி. ஆனாலும் எங்கள் வாளி விளிம்பில் படிகிற வெள்ளையைப் பார்த்தால் சுண்ணாம்புச் சத்துக்குக் குறைவில்லை. கட்டிச் சோப்பு இந்தத் தண்ணீரில் நுரைக்காமல் திரிந்துபோகும், அந்தத் திரிந்த சோப்புதான் கருப்புத் துணியில் வெள்ளையாக ஒட்டுகிறது. அத்தையிடம் மெஷினுக்குப் போகிற துணியில் கட்டிச் சோப்புப் போட வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "அப்ப காலர் எப்படிப் போகும்?" நியாயமான கேள்வி. காலருக்கு மட்டும் போட்டு அலசிவிட்டுத் தருவதாக உடன்படிக்கை. பவுடரை விட்டு லிக்விடுக்கு மாறியாயிற்று, பேண்டுப் பையில் கட்டி இல்லை. செலவுதான் கூடுகிறது. அத்தையின் சுங்குடிச் சேலைகள் மெஷின் பக்கமே வராது, அதில் பேச்சுக்கே இடமில்லை.

ஜூலை 15, செவ்வாய்

நேற்று திருப்பரங்குன்றம் கும்பாபிஷேகம். சனிக்கிழமையிலிருந்தே வீடு நிறைய சொந்தக்காரர்கள். இன்று எல்லோரும் கிளம்பியதும் போர்வை, பெட்ஷீட் மலை.

டபுள் பெட்ஷீட் இரண்டைப் போட்டால் இந்த மெஷின் அவற்றை முறுக்கி ஒரே பந்தாக்குகிறது. பந்து ஒரு பக்கம் ஒதுங்க, ஸ்பின்னில் டிரம் தடதடவென்று ஆடுகிறது. உடனே நிறுத்தி, பந்தைக் கலைப்பதற்காக மறுபடி தண்ணீர் எடுத்துச் சுற்றிப் பார்க்கிறது. மறுபடி ஆடுகிறது, மறுபடி தண்ணீர். துவைக்கும்போது கருமித்தனமாகச் சேர்த்ததையெல்லாம் இங்கே ஊதாரியாக விட்டது. கடைசியில் மூடியைத் திறந்து பந்தைப் பிரித்து, ஒரு பெட்ஷீட்டோடு இரண்டு துண்டும் சட்டைகளும் கலந்து, டிரம்மைச் சுற்றி வளையமாக அடுக்கினேன். ஆடவில்லை.

மேலூர்ப் பையனுக்கு இன்று நானே போன் போட்டு ஹேப்பி கோடைச் சொன்னேன். "பிரச்சினை சரியாயிருச்சாக்கா?" என்றான். "பைப் போட்டது நாங்க. ஆனா அந்த வலையைக் கழற்றிக் காட்டினது நீதானே, அதுக்கு" என்றேன்.

ஜூலை 20, ஞாயிறு

ஆடித் தள்ளுபடி வந்துவிட்டது. எதிர்வீட்டு அக்கா மெஷின் வாங்கப் போகிறார், எது நல்லது என்று கேட்டு வந்தார். முதலில் தொட்டியைக் காட்டுங்கள் என்றேன். அவர் வீட்டுத் தொட்டி மாடிப்படி அறைக் கூரை மேல் இருக்கிறது, மொட்டை மாடியிலிருந்தே எட்டடி. தண்ணீர் பாயும். அந்தக் கவலை இல்லை.

பகலில் வீட்டில் ஆள் இருந்து, கையைப் போட்டுத் துவைத்துப் பழகியிருந்தால் இப்போதும் எங்கள் பழைய ட்வின் டப் மாதிரி செமி ஆட்டோமேட்டிக்தான் என் ஓட்டு. விலையும் குறைவு, தண்ணீரும் நம் இஷ்டம். அக்கா தோளைத் தொட்டுக் காட்டினார். ஈரத்துணியை ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கிப் போடுவதுதான் அவரால் முடியாதாம். அப்படியானால் டாப் லோடுதான். பெட்ஷீட்டைப் பார்த்துப் போடுங்கள், நீர்மட்டத்தை நாமே கூட்டிக்கொள்ள முடியுமா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள் என்றேன்.

"அதெல்லாம் எனக்குக் கேக்கத் தெரியாது, அடுத்த ஞாயித்துக்கிழமை நீயும் வா." சரி என்று சொல்லியிருக்கிறேன். அத்தையும் வருகிறாராம், ஊறப்போட்ட துணியை ஒரு பையில் எடுத்துக்கொண்டு. போட்டுக் காட்டச் சொல்லிப் பார்த்துத்தான் வாங்க வேண்டுமாம்.