ஆயிரம் ரூபாய் பிட்காயினுக்கு யார் காவல்?

சாவி உன் கையில் இல்லையென்றால் காசும் உன்னுடையது இல்லை என்று பிட்காயின்காரர்கள் மூச்சுக்கு மூச்சு சொல்வார்கள். சாவி என்றால் காசைச் செலவழிக்க உதவும் ரகசிய எண். லட்சக்கணக்கில் வைத்திருப்பவருக்கு அது சரி. ஆயிரம் ரூபாய் வைத்திருப்பவருக்கு?

லாஸ்பேட்டையில் என் அத்தை பையன் போட்டோகிராபர். ஆரோவில் பக்கம் வரும் வெளிநாட்டுக்காரர்களில் சிலர், படம் பிடித்துவிட்டால் கூலிக்கு மேலே கொஞ்சம் பிட்காயினையும் தட்டிவிடுவார்கள். அப்படி வந்தது பத்து வரவு, ஒவ்வொன்றும் 1,200 சாட்டோஷி. பத்துக் கோடி சாட்டோஷி சேர்ந்தால்தான் ஒரு பிட்காயின். ஆக மொத்தம் 12,000, அன்றைய விலைக்கு ஆயிரம் ரூபாய் வாக்கில். அதை வேறு வாலட்டுக்கு, அதாவது பிட்காயின் வைக்கும் வேறு ஆப்புக்கு, மாற்றப் போனவன், மஞ்சக்குப்பத்தில் இருந்த எனக்குப் போன் போட்டான். "மாப்ள, என் காசை நான் எடுக்க என்கிட்டயே மேல காசு கேக்குதுடா!"

கேட்கத்தான் செய்யும். பிட்காயினில் கட்டணம் தொகையைப் பார்ப்பதில்லை, பரிவர்த்தனை பிளாக்கில், அதாவது பொதுப் பதிவேட்டின் ஒரு பக்கத்தில், அடைக்கும் இடத்தைத்தான் பார்க்கும். வந்த ஒவ்வொரு டிப்ஸும் தனித்தனித் துண்டாகவே கிடக்கிறது. உண்டியலைக் கவிழ்த்து ஒற்றை ரூபாய்களாகக் கொடுத்தால், எண்ணுபவர் காசுக்கு இவ்வளவு என்று கூலி கேட்பது போல. அவன் வைத்திருந்த முகவரி வகையில் ஒரு துண்டைச் செலவழிக்க ஏறத்தாழ 68 விர்ச்சுவல் பைட் (அந்த இடத்தை அளக்கும் அலகு) ஆகும். அன்றைக்கு ரேட் பைட்டுக்கு 20 சாட்டோஷி. 1,200 சாட்டோஷித் துண்டை நகர்த்தவே 1,360! பத்தையும் சேர்த்து அனுப்ப 722 பைட், அதாவது 14,440 சாட்டோஷி.

அவசரம் இல்லையே, கிடக்கட்டும் என்றேன். வார இறுதியில் பரிவர்த்தனை நெரிசல் பெரும்பாலும் குறையும், ரேட்டும் இறங்கும். ரேட் ஒன்றுக்கு இறங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் ஒரே முகவரிக்குச் சேர்த்தான், போனது 722 சாட்டோஷிதான். இப்படிச் சேர்த்தால் டிப்ஸ் வந்த பத்து முகவரியும் ஒரே ஆளுடையவை என்று சங்கிலியை, அதாவது பிளாக்குகள் கோத்த அந்தப் பொதுப் பதிவேட்டை, பார்க்கிற எவருக்கும் தெரிந்துபோகும். அவனுக்கு அது பொருட்டில்லை.

அப்புறம் வந்தது காவல் பேச்சு. சாவியைப் பத்திரமாக வைக்கும் தனிக் கருவியான ஹார்டுவேர் வாலட் வாங்கினால் பல ஆயிரம், உள்ளே வைக்க ஓராயிரம். பூட்டு விலை பெட்டியை விட அதிகம். சாவியை மீட்டுத் தரும் பன்னிரண்டு சொற்களைத் தாளில் எழுதி வைக்கலாம்தான். ஆனால் 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் மழை கொட்டியதில் அவன் வீட்டு அலமாரியின் அடித்தட்டு முழுக்க நனைந்து, ரேஷன் கார்டே மை கரைந்து போனது.

பிறரிடம் விட்டு வைப்பதும் லேசான விஷயமில்லை. அதே வருடம் ஜூலையில் வசீர்எக்ஸ் என்ற இந்திய கிரிப்டோ சந்தையில் 23 கோடி டாலருக்கு மேல் திருடு போனது. பணம் போட்டவர்கள் தங்கள் காயினை எடுக்க ஒரு வருடத்துக்கும் மேல் காத்திருந்தார்கள்.

இதெல்லாம் தெரிந்தும், டிப்ஸுக்கு லைட்னிங் வாலட்டையே வைத்துக்கொள்ளச் சொன்னேன், அதுவும் சாவியைக் கம்பெனி வைத்திருக்கும் வகை. லைட்னிங் என்பது ஒவ்வொரு வரவையும் சங்கிலியில் பதியாமல் பிட்காயினைக் கைமாற்றும் வழி. அதில் சின்னத் தொகைக்கு ஓரிரு சாட்டோஷியிலேயே வேலை முடிந்துவிடும். சாவியை நாமே வைத்துக்கொள்ளும் லைட்னிங்கும் உண்டு. ஆனால் அதற்குச் சேனல் (காசு போய்வரும் இணைப்பு) திறக்க வேண்டும், சேனல் திறக்கப் பழையபடி சங்கிலிக் கட்டணம். விற்று ரூபாயாக்குவதும் லாபமில்லை. 2022 ஏப்ரலிலிருந்து லாபத்துக்கு 30 சதவீத வரி. வாங்கிய விலையைத் தவிர வேறு செலவு எதையும் கழிக்க விடமாட்டார்கள், இந்தக் கட்டணம் உட்பட.

எதுவரை பிறரிடம் விட்டுவைக்கலாம்? எனக்கு ஐயாயிரம் ரூபாய். பஸ்ஸில் பர்ஸ் போனால் ஒரு வாரம் புலம்பிவிட்டு விட்டுவிடுகிற தொகை. அவன் மூவாயிரம் என்கிறான், கல்யாண சீசன் இல்லாத மாதத்தில் இரண்டாயிரம். அதைத் தாண்டினால் சொந்த வாலட்டுக்கு, ஒரே துண்டாக.